செயின் சத்தம்

ஒரு கையால் ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையிலிருந்த ஈரப் பஞ்சைத் தம்பியின் உதட்டில் ஒற்றினாள் அக்கா. அவன் பஞ்சைக் கவ்விச் சப்பினான். சின்ன வயதில் ஐஸ் குச்சியை இப்படித்தான் சப்புவான். குச்சியில் ருசி போன பிறகும் விடமாட்டான்.

"போதும்டா. மாஸ்க்கைப் போடணும்."

பஞ்சை விட்டான். அவள் மாஸ்க்கைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் ரப்பரைச் சரிசெய்தாள். போர்வைக்கு மேல் அவன் கைகள் கிடந்தன. வண்டி மெக்கானிக்கின் கை என்று யாரும் சொல்ல முடியாது. படுத்த படுக்கையான இந்த மாதங்களில் நகக்கண்ணில் இருந்த கிரீஸெல்லாம் நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய், விரல்கள் வெளுத்துச் சுத்தமாகிவிட்டன. கல்யாணத்தன்றுகூட அவன் கை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் போர்வையை இழுத்து மூடினாள்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "அவர் ஒய்ஃப் எங்க? ஏதாவது பேசணும்னா இன்னிக்கே பேசிடச் சொல்லுங்க" என்றார். உடனே தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "சீக்கிரம் வந்துடு, கொஞ்சம் சீரியஸா இருக்கு" என்றாள். பாவம், 'கொஞ்சம் சீரியஸ்' என்பதை அந்தப் பெண் எத்தனை தடவைதான் கேட்பாள்? நுரையீரல் இறுகத் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு வந்துடறேன் அண்ணி" என்றாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அக்காவுக்கு வேலை இதே வளாகத்தில்தான், மருத்துவக் கல்லூரி நூலகத்தின் பின்னறையில். மேல்படிப்புப் படிக்கும் டாக்டர்கள் எழுதும் ஆய்வேடுகள் அங்கே வந்து குவியும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எழுதியவர் தன் மனம்போல நாலைந்து குறிச்சொற்கள் போட்டிருப்பார். ஒருவர் 'சர்க்கரைப் புண்' என்பார், இன்னொருவர் 'ஆறாத கால் புண்' என்பார், வேறொருவர் எதற்கு வம்பு என்று இரண்டையும் போட்டுவைப்பார். நாளைக்கு யாராவது வந்து தேடினால் எல்லாம் ஒரே இடத்தில் அகப்பட வேண்டும் அல்லவா? அதற்காக எல்லாருக்கும் பொதுவான ஒரு மருத்துவச் சொற்பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பதுதான் சொல். மற்றதெல்லாம் வெறும் பேச்சு. எழுதியவரின் பேச்சைப் பட்டியலின் சொல்லோடு கோத்துவிடுவதுதான் அவள் வேலை. பொருத்தமான சொல் கிடைக்காவிட்டால் ஒரு படி மேலே போய், அதைவிடப் பொதுவான சொல்லில் சேர்த்துவிட வேண்டும். ஒருவர் 'முழங்கையின் உள்பக்கச் சிராய்ப்பு' என்று எழுதியிருந்தால் அதற்கென்று தனிச் சொல் கிடையாது. மேலே போ, 'காயம்' என்று போடு, அடுத்ததை எடு.

நூலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'அகராதி'. இது தம்பிக்குத் தெரிந்த அன்று சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. "அகராதி பிடிச்சவளுக்கு அகராதி வேலையே அமைஞ்சிருக்கு பாரேன்" என்று தன் கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான்.

அவன் நோயில் விழுந்த பிறகு அந்த வேலையே வார்டுக்கும் தொடர்ந்தது. டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டால் தம்பி தன் பாஷையில்தான் சொல்வான். "படி ஏறினா எஞ்சின் கத்துது டாக்டர், ஆனா வண்டி நகர மாட்டேங்குது." பக்கத்தில் நிற்கும் அக்கா, "உழைப்பின்போது மூச்சுத்திணறல்" என்பாள். "இருமினா உள்ள ஏதோ இரும்பு உரசுற மாதிரி இருக்கு." அக்கா, "வறட்டு இருமல், டாக்டர்." டாக்டர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இப்படி நாலு அட்டெண்டர் இருந்தால் ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஏன்க்கா, நான் அவ்ளோ நேரம் மூச்சு வாங்கச் சொன்னதை ரெண்டே வார்த்தைல முடிச்சுட்டியே" என்றான் தம்பி. "மீதி எங்க போச்சு?"

"மீதி அவங்களுக்குத் தேவையில்லடா."

"அப்ப நானே தேவையில்ல. நீயே வந்து படுத்துக்கோ."

வார்டு முதல் மாடி. அவன் கட்டிலுக்கு நேர் கீழே வண்டி நிறுத்துமிடம். அதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டார்ட் ஆகிற வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் சொல்வான். "இது அந்த நர்ஸம்மா வண்டி. பிளக் போயிடுச்சு, சொல்லு." "இவன் ஆயில் மாத்தி வருஷமாச்சு, மனுஷனா இவன்?" ஒருமுறை பெரிய டாக்டரின் வண்டி பிரேக் தேய்ந்திருப்பதை அவரிடமே சொன்னான், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கைகொடுத்தார். சாயங்காலம் மனைவி கிளம்பிப் போகும்போது மட்டும் வைத்தியம் கிடையாது. அவள் ஓட்டுவது, ஐந்தாறு வண்டிகளின் உடம்பிலிருந்து எடுத்து அவனே கோத்துக் கட்டிய வண்டி. வண்டிக்கு முதலாளி என்பதால் மனைவியை 'ஓனரம்மா' என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பித் தேயும்வரை கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பான்.

அக்காவின் போன் அடித்தது. "பாப்பாவ விட்டுட்டேன் அண்ணி. இதோ வண்டியை எடுத்துட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தம்பியின் காதருகே குனிந்தாள். "ஓனரம்மா வண்டியை எடுத்துட்டாளாம். வந்துடுவா."

தம்பி கண்ணைத் திறந்தான். காலையிலிருந்து பாதி மூடிக் கிடந்த கண். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்து மாஸ்க்கை இழுத்தது.

"செயின்..."

"என்னடா?"

"செயின்... சத்தம்." மூச்சு போதாமல் நிறுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. "சொல்லிடு."

அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு வண்டியும் அசையவில்லை. காவலாளி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"இப்ப கேக்குதாடா, சத்தம்?"

அவன் கண்ணை மூடினான். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுபடி மாஸ்க்கை இழுத்தான். அவள் போட்டாள். எழுந்திரிக்கப் பார்த்தான், கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த டியூப் இழுபட்டு அதில் ரத்தம் பின்னுக்கு ஏறியது. அக்கா நர்ஸைக் கூப்பிட, நர்ஸ் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். தூங்கி எத்தனை நேரமாயிற்றோ, கண் சிவந்திருந்தது.

"என்ன சொல்றார்?"

அந்த வாரம் முழுக்க அக்காவின் மேஜையில் இருந்தது ஐசியு நோயாளிகளின் மனநிலை பற்றிய ஓர் ஆய்வேடு. எழுதிய பையன் 'இல்லாத சத்தம் கேட்பது' என்று குறிச்சொல் போட்டிருந்தான். அவள் அதைப் 'பிரமை'யில் கோத்து, அதற்கு ஒரு படி மேலே, நோயாளிக்கு வரும் புத்தித் தடுமாற்றமான 'டெலிரியம்' என்பதையும் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். சொல் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

"இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்றான் டாக்டர். செயின் சத்தமாம். காலையிலேர்ந்தே குழப்பமாதான் இருக்கான்."

கடைசி வாக்கியம் உண்மையில்லை. காலையில் அவன் தெளிவாகத்தான் இருந்தான், மகளுக்குப் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டான். ஆனாலும் அந்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது. அது இருந்தால்தான் சொல் சரியாகப் பொருந்தும்.

"டெலிரியமா இருக்கும்" என்றாள் டாக்டர். "இந்த ஸ்டேஜ்ல வரும்."

"ஆமா டாக்டர்" என்றாள் அக்கா. சொல் கிடைத்துவிட்டால் அவளுக்கு எப்போதும் வரும் நிம்மதி அப்போதும் வந்தது. பிறகு எத்தனையோ நாள் அவள் தன்னை மன்னிக்காமல் இருந்தது அந்த நிம்மதிக்காகத்தான்.

"தூங்க வெச்சிடலாம். இப்படித் திமிறினா அவருக்குத்தான் கஷ்டம்."

"அவன் ஒய்ஃப் வந்துக்கிட்டிருக்கா..."

"லைட்டாதான் குடுப்போம். கூப்பிட்டா முழிப்பார்."

அக்கா தலையாட்டினாள். நர்ஸ் மருந்தை டியூபில் ஏற்றும்போது தம்பி அக்காவையே பார்த்தான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கோளாறு இன்னதுதான் என்று தாமே அடித்துச் சொல்லும் ஆட்களைக் கடையில் அவன் பார்க்கும் பார்வை அது. உதடு மாஸ்க்குக்குள் அசைந்தது.

"சொல்லிட்டேன்டா" என்று அவன் தலையைத் தடவினாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீ நிம்மதியா தூங்கு."

அவன் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினான். பிறகு அதுவும் நின்றது.

தூங்குகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா ஓனரம்மாவுக்குப் போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டுகிறாள், எடுக்க மாட்டாள், நல்லதுதான். கீழே ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் ஜன்னலுக்குப் போனாள். அவளுக்கு எல்லா வண்டியும் ஒரே சத்தம். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் அவனிடமிருந்து ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஸ்கூலிலிருந்து இங்கே வர ஆகும் நேரம் கடந்துவிட்டது. இன்னொரு தடவை போட்டாள். அதுவும் ஓய்ந்தது.

போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். தலைமை நூலகர்.

"இன்னிக்கு லீவுல இருக்கிற உன்னைத் தொந்தரவு பண்றேன்மா. தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்கான் சார்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். புற்றுநோய்ப் பிரிவு ஆய்வேட்டுல ஒரு பொண்ணு 'வீடு'ன்னு குறிச்சொல் போட்டிருக்கு. நான் 'குடியிருப்பு'ல சேத்துட்டேன். சரிதானே?"

"ஆய்வுச் சுருக்கத்தைப் படிச்சீங்களா சார்?"

"எதுக்கும்மா? சொல்லுதான் பட்டியல்ல இருக்கே."

"படிங்க சார்."

தாள் புரளும் சத்தம். அவர் முணுமுணுத்துப் படித்தார். "ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்குற நோயாளிங்களப் பத்தி எழுதியிருக்கு."

"அப்ப அது குடியிருப்பு இல்ல சார். கடைசிக்கால கவனிப்புல போகும்." அவளுக்குச் சலிப்பாக வந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிற பாடம். "சொல்லை மட்டும் பாக்காதீங்க சார். எதைப் பத்திப் பேசும்போது அவங்க அதைச் சொன்னாங்கன்னு பாருங்க. அப்பதான்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

எதைப் பற்றிப் பேசும்போது அவன் அதைச் சொன்னான்? ஓனரம்மா வண்டியை எடுத்துவிட்டாள் என்று அவள் சொன்னாள். அவன் செயின் என்றான். நேற்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு, தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லிடு என்றான். யாரிடம் சொல்லச் சொன்னான்?

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். டியூட்டி டாக்டர் வேறொரு கட்டிலில் குனிந்திருந்தாள்.

"டாக்டர், அவனை எழுப்பணும். அவன் குழம்பல டாக்டர். அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான், நான்தான் தப்பா... அவன் ஒய்ஃப் வண்டில செயின் சரியில்ல, அதைத்தான் சொல்லியிருக்கான்."

டாக்டர் வந்து பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்தாள், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். தோளைத் தட்டி, 'சார், சார்' என்றாள். பிறகு நிமிர்ந்து அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு இறங்கிட்டு வருதும்மா. இது ஊசியால இல்ல. இன்னிக்கு இப்படி ஆகும்னு பெரிய டாக்டர் சொல்லியிருப்பாரே?"

"கூப்பிட்டா முழிப்பான்னு சொன்னீங்களே."

"கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் டாக்டர்.

அக்கா கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், சின்ன வயதில் வீட்டில் வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. "ஓனரம்மா வண்டி செயின்தானேடா? இப்ப புரிஞ்சுதுடா. கண்ணைத் திறடா. ஆமான்னு மட்டும் சொல்லு, திட்டணும்னா திட்டு" என்றாள். அவன் நெஞ்சு ஏறியது, நெடுநேரம் நின்றது, இறங்கியது. ஆய்வேடுகளில் இப்படிப்பட்ட மூச்சுக்கு ஒரு பெயர் உண்டு. அவளுக்குத் தெரிந்த பெயர்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மறுபடி ஓனரம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த முறை எடுத்தாள். பின்னால் லாரி ஹாரன்கள்.

"எங்கடி இருக்க?"

"பாலத்துக்குக் கீழ அண்ணி. செயின் கழண்டு பல்சக்கரத்துல சிக்கிக்கிச்சு. அவர் பண்ற மாதிரியே குச்சி வெச்சு நெம்பிப் பாத்தேன், பாதி வந்துடுச்சு. மாட்டிட்டு வந்துடறேன். அவர்கிட்ட சொல்லாதீங்க, சிரிப்பார்."

"வண்டியை அங்கயே போட்டுட்டு வா."

"அவர் வண்டியை எப்படி அண்ணி நடு ரோட்டுல போட்டுட்டு..."

"போட்டுட்டு வாடி! போயிக்கிட்டிருக்கான்டி அவன்!"

காலையில் சொல்லியிருக்க வேண்டியது. போனில் ஏதோ இரும்பு தரையில் விழும் சத்தம். லைன் போய்விட்டது.

தம்பி அதற்குமேல் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் திரையை இழுத்து மறைத்தாள். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு மூச்சு இறங்கியது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். டாக்டர் வந்து குழலை வைத்துப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்ததும்தான் காத்திருந்தது போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. மாஸ்க்கை எடுத்தார்கள். மூக்கின் மேல் ரப்பர் அழுத்திய தடம் சிவப்பாகவே இருந்தது.

மாடிப்படியில் யாரோ ஓடிவருவது கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் அக்காவுக்கு அடையாளம் தெரிந்தது.

ஓனரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு, முழங்கைவரை கிரீஸ். ஒரு விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. கட்டிலைப் பார்த்தாள். கழற்றி வைத்த மாஸ்க்கைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. ஓடி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த மூலையில் இப்போது கேட்டது அந்த ஒரு மூச்சுதான்.

"முழிச்சிருந்தாரா?" என்றாள்.

"காலையில முழிச்சிருந்தான்."

"என்ன சொன்னாரு அண்ணி? கடைசியா?"

உன்னைத்தான் கேட்டான் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, ஒரு படி மேலே போனால் அதுவும் சரிதான். வருகிறவர்கள் தேடி வருகிற சொல்லும் அதுதான். அக்காவின் வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஊசியைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

"'செயின்'னு சொன்னான்" என்றாள் அக்கா. "'செயின், சத்தம், சொல்லிடு'ன்னு சொன்னான். நீ வண்டியை எடுத்துட்டன்னு சொன்னதும் சொன்னான். எனக்குப் புரியல. உளர்றான்னு டாக்டர்கிட்ட சொல்லித் தூங்க வெச்சுட்டேன். உனக்குச் சொல்லச் சொன்னான்டி. நான் சொல்லல."

ஓனரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அறைந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அக்காவுக்கு.

"நேத்து கிளம்பும்போதே எனக்கும் கேட்டுச்சு" என்றாள் ஓனரம்மா மெல்ல. "வழியில கடைல காட்டியிருக்கலாம். காட்டல. இன்னிக்கு அவர்கிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தேன். ஏதாவது ரிப்பேருன்னா முகம் தெளிவாரு இல்ல? அதுக்காகத்தான் அப்படியே விட்டேன் அண்ணி."

கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அழுத்தினாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். அப்போதுதான் அழுகை வந்தது. குரல் இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. அக்கா அவள் முதுகில் கை வைக்கப் போய், வைக்கத் தைரியமில்லாமல் தொங்கவிட்டாள்.

நர்ஸ் தண்ணீர்க் கிண்ணமும் பஞ்சும் கொண்டுவந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, உடம்பைத் துடைச்சுடறேன்" என்றாள். ஓனரம்மா கையை விட்டு எழுந்து நின்றாள்.

தம்பியின் கை போர்வையின்மேல் கிடந்தது. விரல் மடிப்புகளில் அவள் கையின் கிரீஸ் ஏறியிருந்தது. நகக்கண்களில் கறுப்பு. நர்ஸ் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"முகத்தை மட்டும் துடைச்சா போதும் சிஸ்டர்" என்று சொல்லி, கிண்ணத்தை வாங்கித் தலைமாட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள் அக்கா.